நம் வெயிலில் புளிக்கும் முழுக்கோதுமை ரொட்டி

கடையில் வாங்கிய பழுப்பு ரொட்டியின் உறையைத் திருப்பி, உட்பொருள்களின் பட்டியலை ஒருமுறை படித்துப் பாருங்கள். நம் நாட்டு விதிகளின்படி உட்பொருள்கள் எடையின் இறங்கு வரிசையில் அச்சிடப்பட வேண்டும். எது மிகுதியோ அதுவே முதலில் நிற்கும். முன்பக்கத்தில் கோதுமைக் கதிர் தலையசைக்கும் உறைகள் பலவற்றில், பின்பக்கப் பட்டியலின் முதற்சொல் மைதாவாக இருப்பதைக் காணலாம். 150 எனத் தொடங்கும் எண் இருந்தால், பழுப்பு நிறத்தில் கேரமலுக்கும் பங்கு உண்டு என்று பொருள். 282 என்பது பூஞ்சணம் பிடிக்காதிருக்கச் சேர்க்கப்படும் கால்சியம் புரோபியனேட். இவை அனுமதிக்கப்பட்ட பொருள்களே, அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. பொட்டாசியம் புரோமேட் என்ற மாவு மேம்படுத்தியின் கதை வேறு. ரொட்டி மாதிரிகளில் அதன் எச்சம் இருப்பதாகப் புதுதில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2016இல் அறிக்கை வெளியிட, அதே ஆண்டில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அதற்குத் தடை விதித்தது.

முழுத்தானிய ரொட்டி என்று நம்பி விலை கொடுப்பவருக்கு, அதை வீட்டிலேயே செய்துகொள்ள ஒரு வழி உண்டு. மாவு, நீர், உப்பு ஆகிய மூன்றே பொருள்கள் போதும். கடை ஈஸ்ட்கூட வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் ‘சவர்டோ’ என வழங்கும் இப்புளிமாவு ரொட்டியைப் பற்றிய நூல்களும் காணொளிகளும் இன்று ஏராளம். ஆயினும் அவற்றைப் பார்த்துச் செய்த நம்மவர் பலருக்குக் கிடைப்பது தட்டையான, பிசுபிசுத்த, மிகப் புளித்த ஒரு கட்டியே. குறை கைத்திறனில் இல்லை. அக்குறிப்புகள் குளிர்நாட்டுச் சமையலறைக்கும், உருளை ஆலையில் அரைத்த மாவுக்கும் எழுதப்பட்டவை. நம்மிடம் இருப்பதோ சக்கியில் அரைத்த ஆட்டாவும் முப்பது பாகைக்கு மேற்பட்ட வெப்பமும். இவ்விரண்டையும் புரிந்துகொண்டால் ரொட்டி தானே சீராகும்.

மாவைப் புளிக்கவைப்பது நமக்குப் புதிதன்று. இட்லி மாவில் யாரும் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. உளுந்திலும் அரிசியிலும் இயல்பாக ஒட்டியுள்ள நுண்ணுயிர்களே அதைப் பொங்கவைக்கின்றன. கோவாவில் போர்த்துக்கீசியர் வழிவந்த ரொட்டிக் கலையில், ஈஸ்டுக்குப் பதிலாகத் தென்னங்கள்ளை ஊற்றி மாவைப் புளிக்கவைத்தனர். தவிடு தூவிய ‘பொய்’ என்னும் ரொட்டி அம்மரபைச் சேர்ந்தது. இன்று பெரும்பாலும் கடை ஈஸ்டில்தான் செய்யப்படுகிறது. தில்லியின் கமீரி ரொட்டியின் பெயரிலேயே ‘கமீர்’, அதாவது புளிப்பு, இருக்கிறது. ஐரோப்பாவிலும் தொழிற்சாலை ஈஸ்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவும்வரை, முந்தைய நாள் மாவில் ஒரு பிடியையோ மதுவடிக்கும் இடத்து நுரையையோ கொண்டுதான் ரொட்டியை உப்பவைத்தனர்.

புளிமாவுக்குள் நடப்பது ஒரு கூட்டுக்குடித்தனம். ஈஸ்டுகள் கரியமில வாயுவை வெளியிட்டு மாவை உப்பவைக்கின்றன. லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் புளிப்பையும் மணத்தையும் தருகின்றன. சான் பிரான்சிஸ்கோ நகரின் புகழ்பெற்ற புளிமாவு ரொட்டியை ஆராய்ந்த கிளைன், சுகிஹாரா ஆகியோர் 1971இல் இக்கூட்டணியை விளக்கினர். அந்நகரின் பெயரையே தாங்கிய பாக்டீரியா பின்னர் உலகின் பல பகுதிகளிலும் காணப்பட்டது. நாம் இதில் கவனிக்க வேண்டியது வெப்பநிலையை. புளிமாவில் வாழும் ஈஸ்டுகளில் முக்கியமானவை 27 பாகை செல்சியஸ் அளவில் செழிக்கின்றன. 36 பாகையைத் தாண்டினால் அவற்றின் வளர்ச்சி நின்றுவிடுகிறது. பாக்டீரியாக்களுக்கோ 32, 33 பாகை மிகப் பிடித்தம். ஆகவே சித்திரை வெயிலில் சமையலறை மேடைமீது வைத்த மாவில், உப்பவைப்பவை தளர்ந்து புளிக்கவைப்பவை ஓங்குகின்றன. அமிலம் மிகும்போது மாவின் பின்னலும் இளகிப்போகிறது. ‘ஆறு மணி நேரம் வெளியே வைக்கவும்’ என்ற வெளிநாட்டுக் குறிப்பு நம்மைக் கைவிடுவது இங்கேதான்.

ஆட்டாவின் இயல்பு

கோதுமை மணியின் எடையில் ஏறத்தாழ 83 விழுக்காடு மாவுப்பகுதி. 14 விழுக்காட்டையொட்டி மேல்தவிடு. எஞ்சிய 3 விழுக்காடு முளைக்கரு. மைதாவில் இருப்பது முதலாவது மட்டுமே. நார்ச்சத்து, இரும்பு, துத்தநாகம், பி வைட்டமின்கள் ஆகியவற்றின் பெரும்பகுதி தவிட்டிலும் முளைக்கருவிலும் தங்கியிருப்பதால்தான் முழுத்தானியத்தை நாடுகிறோம். ஆனால் ரொட்டி செய்பவருக்கு அவ்விரண்டும் சற்றே தொல்லை கொடுப்பவை. மாவு நீரில் நனைந்ததும் உருவாகும் குளூட்டன் என்னும் புரதப் பின்னல்தான் வாயுவைச் சிறைப்பிடித்து ரொட்டியை மென்மையாக்குகிறது. கூர்மையான தவிட்டுத் துகள்கள் அப்பின்னலைக் குறுக்கிடுகின்றன. அத்துடன் நீரையும் உறிஞ்சிக்கொள்கின்றன. எனவே முழுக்கோதுமை ரொட்டி, காணொளிகளில் காட்டப்படும் பெரிய பெரிய துளைகளுடன் அமையாது. அப்படங்கள் பெரும்பாலும் மைதா ரொட்டியின் படங்கள். அவற்றோடு ஒப்பிட்டு மனம் தளர்வது வீண்.

சக்கி ஆட்டாவுக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. இரு கற்களுக்கிடையே அழுத்தி உராய்ந்து அரைக்கப்படுவதால், அதன் மாவுச்சத்துத் துகள்களில் பல உடைந்துவிடுகின்றன. உடைந்த துகள் மிகுதியாக நீர் பிடிக்கும். சப்பாத்தி மாலைவரை மென்மையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ரொட்டியில் இதே பண்பு இரு முனையும் கூரான கத்தி. மாவிலுள்ள நொதிகள் உடைந்த துகள்களை எளிதாகச் சர்க்கரையாக்கிவிடுவதால் நுண்ணுயிர்களுக்கு உணவு உடனுக்குடன் கிடைக்கிறது. மாவு விரைந்து புளிக்கிறது, நேரம் கடந்தால் பிசுபிசுக்கிறது. ஆக, நம் ஆட்டாவுக்கு நீர் கூடுதலாகவும் புளிக்கும் நேரம் குறைவாகவும் வேண்டும்.

எந்த மாவு என்ற கேள்விக்கு என் விடை எளியது: வீட்டில் சப்பாத்திக்கு வாங்கும் முழுக்கோதுமை மாவிலேயே தொடங்குங்கள். மைதா கலவாததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கோதுமையை வாங்கி மில்லில் அரைத்துக்கொள்வது இன்னும் நன்று. முளைக்கருவின் எண்ணெய் நாள்பட்டால் சிக்கடித்துக் கசக்கும் என்பதால் ஒரு மாதத்துக்குள் தீரும் அளவே அரைக்க வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் சர்பதி கோதுமை இதற்கு நன்கு பொருந்தும். கப்ளி அல்லது சம்பா கோதுமையின் மணம் சிறப்பானது. ஆனால் அதன் பின்னல் வலுவற்றது என்பதால் முதலில் நான்கில் ஒரு பங்குக்குமேல் சேர்க்க வேண்டாம். கேழ்வரகிலும் கம்பிலும் குளூட்டனே இல்லை. பத்து, பதினைந்து விழுக்காடு சேர்த்தால் சுவை கூடும், அதற்குமேல் ரொட்டி கனத்துவிடும்.

தாய்மாவு வளர்த்தல்

புளிமாவு ரொட்டியின் உயிர் தாய்மாவில் இருக்கிறது. பாலுக்கு உறைமோர் எப்படியோ, ரொட்டிக்குத் தாய்மாவு அப்படி. கண்ணாடிக் குடுவையொன்றில் 30 கிராம் முழுக்கோதுமை மாவையும் 30 கிராம் நீரையும் கலந்து, மூடியைத் தளர்வாக வையுங்கள். குழாய்நீரில் குளோரின் மணம் வீசினால் கொதிக்கவைத்து ஆறிய நீரைப் பயன்படுத்துங்கள். மறுநாள் முதல் தினமும் அதில் 20 கிராமை மட்டும் எடுத்துக்கொண்டு, 30 கிராம் மாவும் 30 கிராம் நீரும் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

பலர் கைவிடும் இடம் மூன்றாம் நாள். இரண்டாம் நாளில் மாவு குமிழியிட்டுப் பொங்கும். உடனே ‘தயாராகிவிட்டது’ என்ற மகிழ்ச்சி. அடுத்த நாளோ அசைவே இல்லாமல் கிடக்கும். முதலில் பொங்கவைத்தவை மாவில் இருந்த வேறு பாக்டீரியாக்கள். புளிப்பு ஏற ஏற அவை ஒடுங்குகின்றன. புளிப்பைத் தாங்கும் ஈஸ்டுகளும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் தலையெடுக்க இன்னும் சில நாள் ஆகும். தொடர்ந்து ஊட்டி வந்தால் நம் வெப்பத்தில் பொதுவாக ஒரு வாரத்தில், குளிர்காலத்து வடமாநிலங்களில் பத்து நாளுக்குமேல், தாய்மாவு நிலைபெறும். ஊட்டிய சில மணி நேரத்தில் இருமடங்காக உயர்வது, தொடர்ந்து மூன்று நாள் அவ்வாறே நிகழ்வது, இனிய புளிப்பு மணம் வருவது ஆகியவையே அடையாளம். ஒரு துளியை நீரில் இட்டு மிதக்கிறதா என்று பார்க்கும் சோதனை முழுக்கோதுமை மாவில் நம்பத்தக்கதன்று. குடுவையில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி உயரத்தை அளப்பதே மேல். நகச்சாயம் அழிக்கும் திரவத்தின் நெடி வந்தால் அது பசித்திருக்கிறது என்று பொருள், கூடுதலாக ஊட்டுங்கள். இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சுக் கோடுகளோ பஞ்சு போன்ற பூஞ்சணமோ தெரிந்தால் தயங்காமல் முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். மேற்பகுதியை மட்டும் வழித்தெடுத்துக் காப்பாற்ற முயல வேண்டாம்.

நிலைபெற்றபின் அன்றாடம் ஊட்டத் தேவையில்லை. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து வாரம் ஒருமுறை கவனித்தால் போதும். ரொட்டி செய்வதற்கு முந்தைய இரவு, 10 கிராம் தாய்மாவுக்கு 50 கிராம் மாவும் 50 கிராம் நீரும் சேருங்கள். சம அளவில் ஊட்டினால் நம் கோடையில் மூன்று, நான்கு மணி நேரத்தில் உச்சம் தொட்டு, விடிவதற்குள் சோர்ந்துவிடும். ஒன்றுக்கு ஐந்து என்ற இக்கணக்கில் காலைவரை தாங்கும். வெப்பம் கடுமையாக இருந்தால் நீரை 30 கிராமாகக் குறைத்துக் கெட்டியாகப் பிசைந்து வைக்கலாம். கெட்டி மாவு மெதுவாகவே புளிக்கும். ஊட்டும்போது மிஞ்சும் பழைய மாவை வீணாக்க வேண்டாம். தாய்மாவு நிலைபெற்றபின் அது கோதுமை தோசைக்கும் சப்பாத்தி மாவுக்கும் ஏற்றது.

கணக்கும் கைப்பக்குவமும்

ரொட்டிக்காரர்கள் அளவுகளை விழுக்காட்டில் எழுதுவர். மாவு எப்போதும் 100. ஏனையவை அதற்கு இத்தனை விழுக்காடு என்ற முறை. வட்டி விகிதம் பார்த்துப் பழகிய கண்களுக்கு இது உடனே பிடிபடும். முழுக்கோதுமை ரொட்டிக்கு நீர் 80, தாய்மாவு 15, உப்பு 2. மாவு 400 கிராம் எனில் நீர் 320, தாய்மாவு 60, உப்பு 8 கிராம். தாய்மாவுக்குள் பாதி மாவும் பாதி நீரும் இருப்பதால், அவற்றையும் கூட்டினால் மொத்த மாவு 430, நீர் 350. உண்மையான நீர் விகிதம் 81 விழுக்காட்டைத் தாண்டும். சக்கி ஆட்டா இவ்வளவையும் தாங்கும். புது மாவு என்றால் முதலில் 300 கிராம் நீரில் தொடங்கி, மீதியைப் பார்த்துச் சேர்ப்பது நலம். குவளைகளும் கரண்டிகளும் இதற்கு உதவா. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மின்னணுத் தராசு ஒன்று அவசியம்.

மாவையும் நீரையும் மட்டும் கலந்து மூடி, முக்கால் மணி நேரம் விடுங்கள். இவ்விடைவெளியில் தவிடு நனைந்து மென்மையாகும். பின்னலும் தானே உருவாகத் தொடங்கும். பிறகு தாய்மாவையும் உப்பையும் சேர்த்து ஈரக்கையால் நன்கு பிசையுங்கள். சப்பாத்தி மாவைப் போலக் கெட்டியாகாதே என்று உலர்மாவைத் தூவிக்கொண்டே போகும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். அரைமணிக்கு ஒருமுறையாக மூன்று முறை, மாவின் ஒரு விளிம்பைப் பிடித்து இழுத்து நடுவில் மடித்து, பாத்திரத்தைத் திருப்பி மற்ற விளிம்புகளையும் அவ்வாறே மடியுங்கள். தொளதொளவென்று இருந்த மாவு மூன்றாம் முறையில் ஒருமித்து நிற்பதைக் கை உணரும்.

புளிக்கும் நேரத்தைக் கடிகாரம் சொல்லாது, மாவுதான் சொல்ல வேண்டும். நேரான பக்கங்களுடைய பாத்திரத்தில் வைத்து, உயரம் பாதி கூடியதும் நிறுத்துங்கள். மைதா மாவைப் போல இருமடங்காகட்டும் என்று காத்திருந்தால், தவிட்டால் நைந்த பின்னல் அதற்குள் தளர்ந்துவிடும். 30 பாகை வெப்பமுள்ள சமையலறையில் இதற்கு ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் ஆகலாம். மே மாதத்து நாகபுரியிலோ சென்னையிலோ குளிர்ந்த நீரில் மாவைப் பிசைந்து, தாய்மாவை 8 விழுக்காடாகக் குறைத்தால் நிதானம் கிடைக்கும். மண்பானை நீர் இதற்கு மிகப் பொருத்தம். தில்லியின் சனவரியில் நிலைமை தலைகீழ். வெதுவெதுப்பான நீர் ஊற்றி, மூடிய அடுப்புப் பெட்டிக்குள் ஒரு கிண்ணம் வெந்நீருடன் வைக்க வேண்டியிருக்கும்.

புளித்த மாவை ஈரமான மேடைமீது கவிழ்த்து, மென்மையாகச் சுருட்டி, எண்ணெய் தடவிய நீள அச்சில் வையுங்கள். இவ்வளவு மாவுக்கு ஒன்றரை லிட்டர் கொள்ளளவு சரியாக இருக்கும். அச்சில் நீர் ஊற்றி அளந்து தெரிந்துகொள்ளலாம். முழுக்கோதுமை ரொட்டியை அச்சில்லாமல் வட்டமாகச் சுடுவது அழகுதான். ஆயினும் தொடக்கக்காரருக்கு அச்சைத்தான் பரிந்துரைப்பேன். பின்னலின் குறையை அதன் சுவர்கள் ஈடுசெய்யும். மேலே எள் தூவி மூடி, வெளியே ஒரு மணி நேரம் அல்லது குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுதும் வைக்கலாம். அலுவலகம் செல்பவர்களுக்குப் பின்னதே வசதி: மாலையில் பிசைந்து, படுக்குமுன் அச்சில் இட்டு, காலையில் சுடலாம். விரலால் மெல்ல அழுத்தினால் பள்ளம் மெதுவாகப் பாதி மீள வேண்டும். அதுவே சுடும் பதம்.

ஓ.டி.ஜி. அடுப்பை 230 பாகையில் இருபது நிமிடம் சூடாக்குங்கள். முதல் இருபது நிமிடம் அச்சின் மேல் இன்னோர் அச்சைக் கவிழ்த்தோ அலுமினியத் தாளால் கூடாரம்போல் மூடியோ சுட்டால், மாவிலிருந்து எழும் நீராவி உள்ளேயே தங்கி, மேற்பரப்பு காய்ந்து இறுகாமல் ரொட்டி உயர இடம் தரும். பின் மூடியை நீக்கி 200 பாகையில் அரைமணி நேரம். சமையல் வெப்பமானி இருந்தால் ரொட்டியின் நடுப்பகுதி 96 பாகையைத் தாண்டியதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அடிப்பகுதியைத் தட்டினால் உள்ளீடற்ற ஒலி கேட்க வேண்டும். சிறிய அடுப்புகளில் மேற்கம்பி மிக அருகில் இருப்பதால் அச்சைக் கீழ்த்தட்டில் வைப்பது நல்லது.

அடுப்பு இல்லாதவர்கள் இதற்காகவே ஒன்றை வாங்க வேண்டியதில்லை. அதே மாவை எலுமிச்சையளவைவிடச் சற்றுப் பெரிதாக உருட்டி, அரை அங்குலத் தடிமனில் தட்டி, அரைமணி நேரம் உப்பவிட்டு, கனத்த தோசைக்கல்லில் மூடிபோட்டுச் சிறுதீயில் இருபுறமும் சுட்டெடுங்கள். புளிமாவு வளர்த்த பயனில் பெரும்பகுதி அதிலேயே கிட்டிவிடும்.

அடுப்பு உள்ளவர்களுக்குச் செலவுக்கணக்கு இது. 1500 வாட் அடுப்பு சூடேற்றுவதையும் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம் இடைவிடாது எரிந்தாலும் இரண்டு யூனிட்டுக்கும் சற்றுக் குறைவான மின்சாரமே ஆகும். இடையிடையே தானாக அணைந்து எரிவதால் உண்மையில் இன்னும் குறையும். இரண்டு அச்சுகளை ஒருசேரச் சுட்டால் ஒரு ரொட்டிக்குரிய மின்செலவு பாதியாகும். ஏறத்தாழ 790 கிராம் மாவு, நீர் ஆவியானபின் 700 கிராமையொட்டிய ரொட்டியாகும். உங்கள் ஊர் ஆட்டா விலையையும் மின்கட்டணத்தையும் இதில் பொருத்தி, கடை விலையோடு நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

உடல்நலம் குறித்த கூற்றுகளில் நிதானம் தேவை. தவிட்டில் உள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்பையும் துத்தநாகத்தையும் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. மாவு மிதமாகப் புளிக்கும்போது தானியத்திலேயே உள்ள ஒரு நொதி விழித்து அதைக் கணிசமாகச் சிதைக்கிறது. சைவ உணவினர் மிகுந்த குடும்பங்களுக்கு இது பொருட்படுத்தத்தக்க நன்மை. புளிப்பினால் மாவுச்சத்து சற்று மெதுவாகச் செரிக்கிறது என்பதற்கும் சான்றுகள் உண்டு. ஆனால் நீரிழிவுள்ளவர்களுக்கு இதுவும் கோதுமை ரொட்டிதான். அளவு பார்த்தே உண்ண வேண்டும். கோதுமைப் புரதம் ஒவ்வாத சீலியாக் நோயாளிகளுக்கு எவ்வளவு புளித்தாலும் இது ஆகாது. ‘புளித்தால் குளூட்டன் போய்விடும்’ என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

சுட்டெடுத்த ரொட்டியைச் சூட்டோடு அறுக்கும் ஆசையை அடக்குவதுதான் எல்லாவற்றிலும் கடினம். உள்ளே மாவுச்சத்து இறுகி நிலைபெறக் குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும். மறுநாள் அறுத்தால் மிக நன்று. ‘உள்ளே ஈரமாக, பசைபோல் இருக்கிறது’ என்ற குறை எழுந்தால், சுட்ட நேரம் குறைவா, அவசரப்பட்டு அறுத்தோமா, மாவு மிகையாகப் புளித்ததா என்று இவ்வரிசையிலேயே ஆராயுங்கள். நடுப்பகுதி குழிந்து கடும்புளிப்பாக இருந்தால் புளித்தது அதிகம். இறுக்கமான ரொட்டியில் ஓரிரு பெருந்துளை மட்டும் இருந்தால் புளித்தது போதவில்லை.

ஆறிய ரொட்டியைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் மூன்று நாள் நன்றாக இருக்கும். மழைக்காலத்தில் இரண்டாம் நாளே துண்டுகளாக்கி உறைநிலைப் பெட்டியில் வைத்துவிட்டு, வேண்டும்போது எடுத்து நேரே தோசைக்கல்லில் வாட்டிக்கொள்ளலாம். உறைநிலைப் பெட்டியில் வையுங்கள், அதன் கீழுள்ள குளிர்த்தட்டில் வேண்டாம். அங்கு ரொட்டி விரைவாக விறைத்துப்போகும்.